யார் பெயரில் கண்காட்சி? பெரியம்மா, பெரியப்பாவின் பயண ஓவியங்கள் குறித்து ஆலோசனை தேவை

பினாங்கு வாசகி | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஓவியம் தெரிந்தவர்களும் ஊர் சுற்றியவர்களும் இங்கே பலர் இருக்கிறீர்கள் என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். நீளமாகத்தான் வரும். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

என் பெரியம்மா ஜோர்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வசிக்கிறார். பெரியப்பா சென்ற ஆண்டு காலமானார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது, ஆனால் கண்ணும் நினைவும் தெளிவாக இருக்கின்றன.

பெரியம்மா 1960களின் கடைசியில் தாதியர் பயிற்சிக்காக இங்கிலாந்து போனவர். பெரியப்பா கெடாவில் ஒரு தோட்டத்தில் பிறந்து, பர்மிங்காமில் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தவர். இருவரும் அங்கேயே சந்தித்து மணந்துகொண்டார்கள். 1976இல் ஊர் திரும்ப முடிவெடுத்தபோது அவர்கள் விமான டிக்கெட் எடுக்கவில்லை. பழைய வேன் ஒன்றை வாங்கி, பெரியப்பா தன் கையாலேயே அதில் படுக்கையும் அடுப்பும் பொருத்தி, தரைவழியாகப் புறப்பட்டுவிட்டார்கள். யூகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், கைபர் கணவாய், லாகூர், டில்லி. டில்லியில் வேனை விற்றுவிட்டு ரயிலில் சென்னை. அங்கிருந்து 'சிதம்பரம்' கப்பலில் பினாங்கு.

வழியெல்லாம் பெரியம்மா வரைந்தார். பெரியப்பா படம் பிடித்தார். ஊர் திரும்பிய பிறகு, பெரியம்மாவின் ஓவியங்களைப் பார்த்துப் பெரியப்பா ரப்பர் மரப் பலகையில் செதுக்கி அச்செடுக்கத் தொடங்கினார். அவருடைய அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். வேறு மரத்தில் செதுக்க அவர் விரும்பியதே இல்லை.

அதன் பிறகும் அவர்கள் ஓயவில்லை. ஒருவர் மருத்துவமனையிலும் மற்றவர் பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தையெல்லாம் பயணத்திலேயே செலவழித்தார்கள். நேபாளம், லடாக், சிரியா, இந்தோனேசியத் தீவுகள், சைபீரிய ரயில், பெரு. வீடு வாங்கவில்லை, நகை சேர்க்கவில்லை. உறவினர்கள் பேசாத பேச்சில்லை.

இப்போது ஒரு கண்காட்சிக் கூடத்தார் இந்தப் படைப்புகளைக் காட்சிக்கு வைக்க முன்வந்திருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய அறிவிப்பின் வரைவில் பெரியப்பாவின் பெயர் மட்டுமே பெரிய எழுத்தில் இருக்கிறது. பெரியம்மா "பயணங்களில் துணைநின்ற மனைவி" என்று கீழே ஒரு வரியில் வருகிறார். பெரியப்பாவின் தம்பி குடும்பத்தார் அச்சுப் பலகைகள் தங்களுக்கு வரவேண்டியவை என்கிறார்கள். அவற்றிலிருந்து புதிதாக அச்செடுத்து விற்கலாம் என்றும் பேச்சு நடக்கிறது.

யார் பெயரில் காட்சி வைப்பது நியாயம்? பலகைகள் யாருக்கு உரியவை? இந்த ஈரக் காற்றில் இவற்றையெல்லாம் எப்படிக் காப்பாற்றுவது?

---

தண்ணீர்மலைக்காரர் | திங்கள், இரவு 10.25

அம்மா, சிதம்பரம் கப்பல் என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முன்னால் ஓடிய 'ரஜூலா'வில் என் தகப்பனார் வந்தார். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிளாங்), சிங்கப்பூர் என்று அந்தத் தடத்தில் வந்திறங்கிய நம் மக்களுக்குக் கணக்கே கிடையாது. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்த பிறகு அந்தக் கடல்வழியே முடிந்துபோயிற்று. கப்பலின் மேல்தளத்தை, பயணிகளை உங்கள் பெரியம்மா வரைந்திருக்கிறாரா? இருந்தால் அதுவே நமக்குப் பெரும் சொத்து. நம் ஆட்கள் கப்பலேறி வந்த கதை எழுத்தில் உண்டு, படமாக அரிதாகவே கிடைக்கிறது.

1976 என்கிறீர்கள். ஈரான் புரட்சியும் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததும் 1979இல். லண்டனிலிருந்து வேனிலேயே டில்லி வரை வந்த அந்தப் பாதை அதோடு அடைபட்டது. சரியான நேரத்தில் வந்திருக்கிறார்கள்.

---

அச்சுப்பட்டறை | செவ்வாய், காலை 7.10

நான் கோலாலம்பூரில் மர அச்சு ஓவியம் செய்பவன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அது எனக்கு மிக முக்கியமான கேள்வி.

மர அச்சில் வரைபவர், செதுக்குபவர், மை தடவி அச்செடுப்பவர் என்று மூன்று வேலை உண்டு. ஒரே ஆள் மூன்றையும் செய்யலாம், மூன்று பேரும் செய்யலாம். ஜப்பானில் ஹொகுசாயின் புகழ்பெற்ற பேரலைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1831 வாக்கில் வந்தது. பலகையைச் செதுக்கியவர் வேறு, அச்செடுத்தவர் வேறு. வரைந்தவர் பெயர் உலகத்துக்கே தெரியும். செதுக்கியவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. அந்த வழக்கப்படி பார்த்தால் உங்கள் பெரியம்மாவின் பெயர்தான் மேலே வரவேண்டும்!

நான் அதையும் சொல்லமாட்டேன். செதுக்குவது நகலெடுக்கும் வேலை அன்று. நீர்வண்ணத்தில் ஒரு மலையின் நிழல் மெல்லக் கரைந்து போகும். பலகையில் கரைய வழியில்லை. உளி பட்ட இடம் வெள்ளை, படாத இடம் கறுப்பு. எதை வெட்டுவது, எதை விடுவது என்று ஒவ்வோர் அங்குலத்திலும் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு பெரியப்பாவினுடையது. எந்த ஊரில் எந்த இடத்தில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது என்ற முடிவு பெரியம்மாவினுடையது. அந்த அச்சுகள் இரண்டு பேரின் படைப்பு. இதில் எனக்குத் துளி ஐயமில்லை.

ஒன்று கேட்கிறேன்: அச்சின் கீழ் ஓரத்தில் பென்சிலால் என்ன எழுதியிருக்கிறது? இடப்பக்கம் பிரதி எண், வலப்பக்கம் கையெழுத்து என்பது பொது வழக்கம்.

---

கெடா மைந்தன் | செவ்வாய், காலை 11.30

எல்லாரும் ஒரே பக்கம் சாயும் முன் என் கருத்தையும் பதிவு செய்கிறேன்.

தோட்டத்து வீட்டில் பிறந்த ஒரு மனிதர், எந்தக் கலைக்கல்லூரியிலும் படிக்காமல், பெற்றோர் சீவிய மரத்திலேயே உலகத்தைச் செதுக்கியிருக்கிறார். இப்படி ஒரு கதை நம் சமுதாயத்தில் எத்தனை இருக்கிறது? கண்காட்சிக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் மனத்தில் ஒரு பெயர், ஒரு முகம் பதிய வேண்டும். அந்த முகம் தோட்டத்துப் பிள்ளையின் முகமாக இருக்கட்டும் என்கிறேன். அம்மையாரின் பங்கை மறைக்கச் சொல்லவில்லை. அறிமுக உரையில் விரிவாக எழுதலாம்.

மேலும், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தவர்கள். உன்னுடையது, என்னுடையது என்று அவர்களே பிரித்திருக்க மாட்டார்கள். நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

---

செபராங் ஆசிரியை | செவ்வாய், பிற்பகல் 3.05

கெடா மைந்தன் ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. நானும் தோட்டத்துப் பள்ளியில் படித்தவள்தான். ஆனால் "பிரிக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பெயரை மட்டும் மேலே போடுவதும் பிரிப்பதுதானே?

இதே கேள்வியைச் சந்தித்த ஒரு கலைஞர் தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். கிறிஸ்டோ பல்கேரியாவில் பிறந்தவர். ஷான்-குளோது மொராக்கோவின் காசாபிளாங்காவில் பிறந்தவர். இருவரும் பிறந்தது ஒரே நாள், 1935 ஜூன் 13. பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தை 1995இல் முழுவதும் துணியால் போர்த்தியவர்கள் இவர்கள். அந்த அனுமதிக்காக 1971 முதல் அலைந்தார்கள். எந்த நிறுவனத்தின் நன்கொடையும் வாங்கியதில்லை. திட்ட ஓவியங்களை விற்ற பணத்திலேயே எல்லாம் நடந்தது. ஒரு விபத்து நேர்ந்தாலும் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக இருவரும் வெவ்வேறு விமானங்களில் பயணம் செய்வார்கள்.

பல ஆண்டுகள் அந்தப் படைப்புகள் கிறிஸ்டோ என்ற ஒரே பெயரில்தான் வந்தன. 1994இல் இருவரும் சேர்ந்து அதை மாற்றினார்கள். வெளியில் அமைத்த படைப்புகள் அனைத்தும், பழையவையும் சேர்த்து, இருவர் பெயரிலும் அறியப்பட வேண்டும் என்று அறிவித்தார்கள். ஆனால் காகிதத்தில் வரைந்த திட்ட ஓவியங்கள் கிறிஸ்டோவின் பெயரிலேயே தொடர்ந்தன. வரைந்தவர் அவர் மட்டுமே என்பதால். எது யாருடையது என்பதைத் தெளிவாகச் சொன்னதால் அவர்கள் வாழ்க்கை ஒன்றும் பிரிந்துவிடவில்லை. ஷான்-குளோது 2009இல் மறைந்த பிறகும் கிறிஸ்டோ இருவர் பெயரிலேயே வேலை செய்தார். பாரிஸின் வெற்றி வளைவைப் போர்த்தும் திட்டம் அவரும் 2020இல் மறைந்த பின், 2021இல் நிறைவேறியது.

தெளிவாகச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. மரீனா அப்ரமோவிச், உலாய் இருவரும் பல ஆண்டுகள் ஒரு வேனிலேயே வாழ்ந்து ஐரோப்பா முழுவதும் சுற்றி நிகழ்த்துகலை செய்தவர்கள். 1988இல் சீனப் பெருஞ்சுவரின் இரு முனைகளிலிருந்து ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து, நடுவில் சந்தித்து, அங்கேயே பிரிந்தார்கள். பிறகு பெயரும் பணமும் வழக்காயிற்று. 2016இல் டச்சு நீதிமன்றம், மரீனா உலாய்க்கு இரண்டரை லட்சம் யூரோ கொடுக்கும்படியும், படைப்புகளின் கீழ் இருவர் பெயரும் எந்த வரிசையில் வரவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. உயிரோடிருந்த இருவருக்கே நீதிமன்றம் தேவைப்பட்டது. உங்கள் பெரியப்பா இன்று இல்லை. பெரியம்மா இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

---

பினாங்கு வாசகி | செவ்வாய், இரவு 10.50

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை பெரியம்மாவோடு உட்கார்ந்து கோட்டோவியப் புத்தகங்களைப் புரட்டினேன். அச்சுப்பட்டறை அண்ணன் கேட்டதற்குப் பதில்: அச்சுகளின் வலப்பக்கம் பெரியப்பாவின் கையெழுத்து இருக்கிறது. ஆனால் பலகையிலேயே, படத்துக்குள், ஒரு மூலையில் இரண்டு முதலெழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று அவருடையது, ஒன்று பெரியம்மாவுடையது. சிலவற்றில் கல்லின் விரிசலோடு விரிசலாக, சிலவற்றில் மரக்கிளைக்குள். தேடினால்தான் கண்ணுக்குப் படும். பெரியம்மா சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக விரலால் காட்டினார்.

தண்ணீர்மலைக்காரர் ஐயா, கப்பல் இருக்கிறது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்கள், தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து சீட்டாடும் ஆண்கள், குழந்தைக்குத் தலைவாரும் ஒரு பாட்டி. எல்லாம் பென்சில், வண்ணமில்லை. வண்ணம் தீர்ந்துபோயிருந்ததாம்.

பாமியான் பக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காபூலிலிருந்து மண் சாலையில் பாமியான் போயிருக்கிறார்கள். அங்கே மலையில் செதுக்கிய இரண்டு புத்தர் சிலைகள் இருந்தன. ஒன்று 55 மீட்டர் உயரம், இன்னொன்று 38 மீட்டர். அந்தக் காலத்தில் மலைக்குள் குடைந்த படிகள் வழியாகச் சிலையின் தலைக்கு மேல் வரை ஏறலாம். சிறிய புத்தரின் தலைக்கு மேலே, குடைவின் கூரையில், இறக்கை முளைத்த குதிரைகள் இழுக்கும் தேரில் சூரிய தேவனின் ஓவியம் இருந்தது. நம் கோயில் சுவரில் பார்ப்பதுபோல் சூரியனைத் தேரோடு அங்கே பார்த்ததும் பெரியம்மாவுக்கு நகர மனம் வரவில்லை. கழுத்தை அண்ணாந்தே வைத்திருந்து வரைந்திருக்கிறார். பெரியப்பா ஒரு கையில் விளக்கும் மறுகையில் வண்ணப் பெட்டியுமாகப் பக்கத்தில் நின்றாராம். இறங்கி வந்த பிறகு பெரியம்மாவால் தலையைத் திருப்பவே முடியவில்லை. பெரியப்பா வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தார்.

2001 மார்ச்சில் அந்தச் சிலைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சூரிய தேவனும் சிலையோடு போய்விட்டார். செய்தி வந்த அன்று இந்த ஓவியத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று பெரியம்மா சொன்னார். அதன் பிறகுதான் பெரியப்பா அதைப் பலகையில் செதுக்கினார். அவர் செதுக்கியவற்றிலேயே பெரிய பலகை அதுதான்.

புத்தகங்களைப் புரட்டப் புரட்ட இப்படியே வந்துகொண்டிருந்தது. மோஸ்தார் நகரின் பழைய கல்பாலம், 1993இல் பீரங்கியால் இடிக்கப்பட்டது. 2004இல் திரும்பக் கட்டினார்கள், ஆனால் பெரியம்மா வரைந்தது 1566இல் கட்டிய பாலத்தை. அலெப்போ பெரிய மசூதியின் மினார், 2013இல் போர் தின்றது. காத்மாண்டுவின் தரகரா கோபுரம், 2015 நிலநடுக்கத்தில் விழுந்தது. போன இடத்திலெல்லாம் இடிந்துபோகப் போவதைத் தேடித்தேடியா வரைந்தீர்கள் என்று கேட்டேன். இல்லை, நின்றுகொண்டிருந்த எல்லாவற்றையும் வரைந்தோம், அவற்றுள் சில விழுந்துவிட்டன என்றார்.

கவனியுங்கள், "வரைந்தோம்" என்றுதான் சொன்னார்.

லடாக்கில் குளிர் முற்றிய பருவத்தில் தூரிகை தாளைத் தொட்டதுமே தண்ணீர் உறைந்துவிடுமாம். தண்ணீரில் கொஞ்சம் வோட்கா கலந்தால் உறையாது என்று பெரியப்பா கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பதற்கு முன் வரைந்த ஒரு பக்கத்தில் பனிப்படிகங்கள் பூப்பூவாகப் பதிந்து அப்படியே உலர்ந்திருக்கின்றன. பாங்கோங் ஏரி. பெரியம்மாவுக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசி | புதன், காலை 8.20

நான் வழக்கறிஞர் தொழிலில் இருப்பவன். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பொதுவான சட்ட நிலையைத்தான் சொல்கிறேன். ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்துவிடுங்கள்.

பெரியப்பா உயில் எழுதியிருந்தால் அதுவே செல்லும். எழுதவில்லை என்றால், முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம் பொருந்தும். பிள்ளைகள் இல்லை, பெற்றோரும் உயிருடன் இல்லை, மனைவி மட்டும் இருக்கிறார் என்றால் முழுச் சொத்தும் மனைவிக்குத்தான். உடன்பிறந்தாருக்குப் பங்கில்லை. பெரியப்பாவின் பெற்றோர் அவருக்கு முன்பே காலமாகிவிட்டவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, பலகை வேறு, பதிப்புரிமை வேறு. பலகையைக் கையில் வைத்திருப்பதாலேயே அச்செடுத்து விற்கும் உரிமை வந்துவிடாது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படி ஓவியத்தின் உரிமை, படைத்தவர் வாழ்நாள் முழுவதும், இறந்த பின் மேலும் 50 ஆண்டுகளும் நிலைக்கும். கூட்டுப் படைப்பு என்றால் இருவரில் கடைசியாக இறப்பவரிலிருந்து அந்த 50 ஆண்டுகள் தொடங்கும். அந்த அச்சுகள் பெரியம்மாவின் ஓவியங்களிலிருந்து உருவானவை. அவர் ஒப்புதல் இல்லாமல் யாரும் ஒரு பிரதிகூட எடுக்க முடியாது என்றே நான் வாதிடுவேன்.

படைத்தவர் என்று தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. கண்காட்சிக் கூடத்தாருக்கு இதை மரியாதையாக ஒரு கடிதத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

---

கெடா மைந்தன் | புதன், பகல் 12.15

சட்டம் சொல்வதை ஏற்கிறேன். பலகைகள் அம்மையாருக்கே. அதில் எனக்கு மறுப்பில்லை, முன்பும் மறுக்கவில்லை.

ஆனால் தலைப்பில் யார் முகம் என்ற கேள்வியில் என் கருத்து மாறவில்லை. தோட்டத்திலிருந்து வந்த கலைஞர்கள் என்று பட்டியல் போட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த மனிதரின் உழைப்பு "தம்பதியர்" என்ற சொல்லுக்குள் கரைந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. பர்மிங்காம் பட்டறையிலும் பட்டர்வொர்த் பட்டறையிலும் பகலெல்லாம் எண்ணெய்க் கையோடு நின்றுவிட்டு இரவில் உளி பிடித்தவர் அவர்.

---

செபராங் ஆசிரியை | புதன், பகல் 1.00

அம்மையாரும் இரவுப்பணி பார்த்துவிட்டுத்தான் தூரிகை பிடித்தார், ஐயா.

---

தண்ணீர்மலைக்காரர் | புதன், மாலை 6.40

கெடா தம்பி சொல்வதில் எனக்கு ஒரு பாதி உடன்பாடு உண்டு. தோட்டத்துக் கதையைச் சுருக்கக் கூடாது. பலகைகளைக் காட்சியில் வையுங்கள், பக்கத்தில் பால் சீவும் உளியையும் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தையும் வையுங்கள், பெரியப்பாவின் பிறந்த ஊர் பற்றித் தனியாக ஒரு பகுதி இருக்கட்டும். அதற்காக அம்மையாரின் பெயரைத் தலைப்பிலிருந்து எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்று. பெண்கள் தனித்து நின்று வரைந்த ஊர்தான் இது. உலகம் சுற்றிய ஓவியர் ஜார்ஜெட் சென் 1951இல் இங்கே வந்து, ஹான் சியாங் உயர்நிலைப் பள்ளியில் ஓவியம் கற்பித்தார். நியூயார்க்கிலும் பாரிசிலும் படித்தவர். அவருடைய முதல் கணவர் சீனாவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர், பெரிய புள்ளி. இன்று ஓவிய உலகம் யார் பெயரைச் சொல்கிறது? அவர் பெயரைத்தான்.

---

அச்சுப்பட்டறை | புதன், இரவு 9.15

புதிதாக அச்செடுக்கும் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா 30 பிரதிகள் என்று எண் போட்டிருந்தால் முப்பதுதான். முப்பத்தொன்றாவதை எடுத்தால், முன்பு நம்பி வாங்கிய முப்பது பேருக்கும் செய்யும் துரோகம் அது. எண் முடியாத பலகைகளிலிருந்து பின்னால் அச்செடுப்பது உலகில் நடக்கும் வழக்கம்தான். ஆனால் "கலைஞர் மறைவுக்குப் பின் எடுத்தது" என்று தெளிவாகக் குறிக்க வேண்டும், யாரும் அவர் கையெழுத்தைப் போடக் கூடாது, விலையும் குறைவாகவே இருக்கும்.

ரப்பர் மரம் என்பதால் உடனே செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. அது பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாகும் மரம். மருந்தேற்றாத பலகையை வண்டு துளைத்துவிடும். பலகையின் விளிம்புகளில் ஊசித் துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் அந்தப் பலகையை மற்றவற்றிலிருந்து இன்றே தள்ளி வையுங்கள்.

---

ஆவணக்காரி | வியாழன், காலை 10.05

நான் பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் பணியில் இருக்கிறேன். மூன்றாவது கேள்வி என் பங்கு.

எதையும் லேமினேட் செய்யாதீர்கள். நம் ஊரில் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தாலே லேமினேட் கடைக்கு ஓடுகிறோம். நீர்வண்ண ஓவியத்துக்கு அது சாவு. சூடும் பசையும் உள்ளே போனால் திரும்ப எடுக்க முடியாது. ஒட்டுநாடாவும் வேண்டாம். கிழிந்த பக்கம் கிழிந்தபடியே இருக்கட்டும்.

பக்கங்களுக்கு இடையே அமிலமற்ற மெல்லிய தாள் வையுங்கள். மூடி இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரமானியில் 50 முதல் 55 விழுக்காடு காட்டினால் நிம்மதி. பினாங்கில் சும்மா விட்டால் எண்பதைத் தாண்டும், பூஞ்சைக்கு அதுவே விருந்து. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கடைவீட்டுச் சுவர் மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். இராமபாணப் பூச்சி, கரையான் இரண்டையும் மாதம் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கண்காட்சியில் நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது. மங்கலாகத்தான் தெரியும், பரவாயில்லை. மண் நிறங்கள் தாங்கும், ஆனால் அலிசரின் சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துவிடும். சூரிய தேவனின் பக்கத்தில் அந்தச் சிவப்பு இருந்தால் அதைச் சில வாரங்களுக்கு மேல் வெளிச்சத்தில் வைக்காதீர்கள். பாதியில் வேறு பக்கம் திருப்பி வையுங்கள்.

பெரியப்பாவின் ஸ்லைடுகள் கோடாக்குரோம் என்ற வண்ணப் படச்சுருளில் எடுத்தவையா என்று அவற்றின் அட்டைச் சட்டகத்தில் பாருங்கள். இருட்டில் வைத்த கோடாக்குரோம் நிறம் பல பத்தாண்டுகள் நிற்கும். ஆனால் அந்தப் படச்சுருளைக் கழுவும் வேலை 2010 டிசம்பரோடு உலகத்திலேயே நின்றுவிட்டது. கழுவாத சுருள் ஏதேனும் மீதமிருந்தால் தூக்கி எறியாதீர்கள், கறுப்பு வெள்ளையாகக் கழுவித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஓவியர் காண்டின்ஸ்கியும் அவருடைய துணைவியாக இருந்த காபிரியேலே மூன்டரும் துனீசியா, இத்தாலி, பிரான்ஸ் என்று ஒன்றாகச் சுற்றி வரைந்தவர்கள். பிரிந்த பிறகும், நாஜிகள் காலத்தில், மூன்டர் தன் வீட்டு நிலவறையில் அவர் ஓவியங்களையும் தன்னுடையவற்றையும் சேர்த்து ஒளித்து வைத்திருந்தார். 1957இல், தன் எண்பதாவது வயதில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை மொத்தமாக மியூனிக் நகர ஓவியக்கூடத்துக்குக் கொடுத்தார். இன்று இருவர் ஓவியங்களையும் அருகருகே பார்க்க முடிகிறது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது. பெரியம்மாவின் புத்தகமும், அதே இடத்தின் ஸ்லைடும், பலகையும், அச்சும் சேர்ந்திருந்தால்தான் அந்த வேலை முழுமையாகப் புரியும்.

---

பினாங்கு வாசகி | சனி, இரவு 8.30

நேற்று இந்த இழையை முழுவதும் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கெடா மைந்தன் அண்ணன் எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். தோட்டத்தைப் பற்றி ஒருவராவது இவ்வளவு அக்கறையாகக் கேட்டாரே என்று மகிழ்ந்தார்.

பிறகு அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கோட்டோவியங்களும் நீர்வண்ணங்களும் அவர் பெயரில். ஸ்லைடுகள் பெரியப்பா பெயரில். அச்சுகளும் பலகைகளும் இருவர் பெயரிலும், பெரியப்பாவின் பெயர் முதலில். ஏன் அவர் முதலில் என்று கேட்டேன். மரம் அவர் வீட்டு மரம் என்றார். பெயர் வரிசையைப் பற்றி இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம், பெரியம்மாவின் முடிவு அது.

கண்காட்சிக் கூடத்தாருக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். அறிவிப்பைத் திருத்தாவிட்டால் அங்கே வைப்பதில்லை. இந்த ஊரில் வேறு இடங்கள் இருக்கின்றன, ஹின் பஸ் டிப்போ கலைக்கூடத்திலும் கேட்டுப் பார்க்கலாம். பெரியப்பா உயில் எழுதவில்லை, அவருடைய பெற்றோர் எப்போதோ காலமாகிவிட்டார்கள். பெரியப்பாவின் தம்பியான சித்தப்பாவிடம் சட்ட நிலையை என் அம்மா பேசிவிட்டார். சித்தப்பா கோபமாகத்தான் இருக்கிறார். ஆனால் புதிய அச்சு எடுக்கும் பேச்சு நின்றது. அவருக்குப் பெரியம்மா ஒரு பழைய அச்சைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கெடாவில் அவர்கள் பிறந்த லயத்து வீட்டைச் செதுக்கியது.

இரண்டு பலகைகளில் ஊசித் துளைகள் இருந்தன. தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

இப்போது உடனடித் தேவை, எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைப்பது. புத்தகங்களின் தையல் தளர்ந்திருப்பதால் சாதாரண ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்த பயமாக இருக்கிறது. உதவ முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆவணக்காரி | சனி, இரவு 9.10

ஸ்கேனரில் கவிழ்க்க வேண்டாம், நீங்கள் பயந்தது சரிதான். மேலிருந்து படமெடுக்கும் கேமரா ஸ்டாண்டும் விளக்குகளும் என்னிடம் இருக்கின்றன. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். ஒரு நீளமான மேசையும், பக்கம் புரட்டக் கை சுத்தமான ஓர் ஆளும் வேண்டும். மின்விசிறியை மட்டும் நிறுத்தி வையுங்கள். கப்பல் பக்கங்களிலிருந்து தொடங்குவோம். பென்சில் என்பதால் அவைதான் முதலில் தேய்ந்துபோகும்.

---

தண்ணீர்மலைக்காரர் | சனி, இரவு 9.25

மேசை நான் கொண்டுவருகிறேன். பக்கமும் நானே புரட்டுகிறேன்.